அமிர்தலிங்கம் பார்த்தெடுத்த கல்

வைரம் வாங்க வந்தவர்கள் ஏசிக் குளிரில் உட்கார்ந்தபடியே ஒரு கல்லைத் தொட்டு, "இதையே போட்டுடுங்க" என்று சொன்னால் அமிர்தலிங்கத்துக்குக் கோபம் வந்துவிடும். விற்கிற மனிதருக்கு எதற்குக் கோபம் என்று கேட்பீர்கள். அவர் அப்படித்தான். கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு நகைக்கடையின் வைரப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர். இந்த மாதம் எவ்வளவு விற்றது என்று முதலாளி கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். யார் எந்தக் கல்லைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் அவருக்கு மறக்காது.

"எந்திரிங்க, வாசலுக்குப் போவோம்" என்பார்.

"இங்கேயே நல்லாத்தானே மின்னுதுங்க."

"இந்த விளக்குக்குக் கீழ சோடா பாட்டில் சில்லை வச்சாலும் மின்னும். எந்திரிங்க."

வாசலில் நேர் வெயில் படாத நிழலாகப் பார்த்து நிற்பார். இடது கை விரல்கள் இரண்டுக்கு நடுவில் கல்லை வைத்து மெதுவாகச் சாய்த்துக் காட்டுவார். "நடுவுல பாருங்க. குழி விழுந்த மாதிரி கறுப்பாத் தெரியுதா? அடியை ஆழமா விட்டுட்டான். எடை குறையக் கூடாதுன்னு வயித்தைப் பருமனா விட்டு வெட்டியிருக்கான். நீங்க குடுக்கற காசு அந்த வயித்துக்குத்தான் போகும்." அடுத்த கல்லை எடுப்பார். "இது தட்டை. ஓரத்துல வெளுத்து ஒரு வளையம் தெரியுது பாருங்க. மேல விழற வெளிச்சம் அடி வழியா ஒழுகிப் போயிடுது. நல்ல வெட்டுன்னா விழுந்த வெளிச்சம் மொத்தமும் திரும்பி உங்க மூஞ்சிக்கு வரணும்." பட்டைகள் சரியாக விழுந்திருந்தால், கல்லை அசைக்கும்போது வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஓட வேண்டும், ஒரு இடமும் செத்துக் கிடக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. சர்டிபிகேட்டையும் பார்க்கச் சொல்வார். அதைப் பார்த்துவிட்டுக் கல்லைப் பார்க்காமல் இருந்தால்தான் திட்டுவார்.

திட்டு வாங்கியவர்கள்தான் அடுத்த தலைமுறைக்கும் அவரையே தேடி வந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கண்ணுக்கு அப்படி ஒரு பேர் இருந்தது.

இவ்வளவும் பார்த்து முடித்த பிறகு, அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒன்று நடக்கும். "மூணு நாள் வீட்டுல வச்சுப் பார்த்துட்டுச் சொல்றோமே" என்று இழுப்பார்கள். வைரம் எல்லோருக்கும் ஆகிவிடாது என்று ஒரு பயம் நம் ஜனங்களுக்கு. கல்லை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பார்கள். சிலர் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார்கள். மூன்று நாளில் வீட்டில் கெட்டது எதுவும் நடக்காவிட்டால் கல் ஆகிவந்தது. ஏதாவது நடந்துவிட்டால் நான்காம் நாள் கடை திறக்கும்போதே வாசலில் நிற்பார்கள். தெரிந்த குடும்பம் என்றால் கடையும் நம்பிக் கொடுத்துவிடும். திரும்பி வந்தால் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது கடையின் மரியாதை. கேட்காவிட்டாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பால் திரிந்துபோனது. போர் மோட்டார் எரிந்துபோனது. மாடு கன்றைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. மாமியார் கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டார். அமிர்தலிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு "சரிங்க, சரிங்க" என்று கல்லை வாங்கி வைப்பார்.

அவர்கள் படி இறங்கியதும் பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் சைபுல்லா மெதுவாக ஆரம்பிப்பார். கூத்தாநல்லூர்க்காரர், அமிர்தலிங்கத்தைவிடப் பத்து வயது சின்னவர். "அண்ணே, அந்த மாமியாரம்மா நம்ம கல்லு போறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை விழுந்தவங்கதான்."

"கல்லுக்கு என்னய்யா தெரியும்? பால் திரியறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நல்ல வெட்டைக் கையில குடுத்தா, கொண்டுபோய் மாட்டுக் கொட்டாய்ல கணக்குப் பார்க்குதுங்க."

அப்படிப் பேசிய மனிதருக்கு, வீட்டில் ஒரு குறை இருந்தது. மாவட்டத்துப் பெண்களுக்கெல்லாம் வைரம் பார்த்துக் கொடுத்தவரின் மனைவி, கல்யாணம் ஆன நாளிலிருந்து மூக்கில் ஒரு சிவப்புக்கல்லைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் கண்ணாடிக்கல். சௌந்தரநாயகி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பார். கேட்காததுதான் அவரை அரித்தது.

அந்த ஆவணி மாதம் கடைக்கு ஒரு கல் வந்தது. மூக்குத்திக்கான ஒற்றைக்கல். பெரிதும் இல்லை, ரொம்பச் சிறிதும் இல்லை. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்த அமிர்தலிங்கம் வெகுநேரம் உள்ளே வரவில்லை. மேகம் மூடிய மத்தியானத்திலும் அந்தக் கல் கையில் உயிரோடு இருந்தது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் வெளிச்சம் திரும்பி வந்தது. வெட்டியவன் யாரோ, சூரத்தில் எந்தச் சந்திலோ உட்கார்ந்து வெட்டியிருப்பான், அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது அவருக்கு.

கல் முதலில் திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்த வீட்டில் பெரியவருக்கு நெஞ்சுவலி. பிறகு ரைஸ் மில் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குப் போனது. அவர்கள் பெண்ணுக்குப் பேசிய இடம் தட்டிப்போனது. இரண்டு முறை திரும்பிய கல்லைப் பற்றிக் கடைப் பெண்களே குசுகுசுவென்று பேச ஆரம்பித்ததும், வந்த இடத்துக்கே அனுப்பிவிடலாம் என்று முதலாளி சொன்னார்.

"அனுப்ப வேணாங்க. நானே எடுத்துக்கறேன்" என்றார் அமிர்தலிங்கம்.

"நல்லா யோசிச்சுக்க, அமிர்தம்."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? இந்த மாதிரி வெட்டு இன்னொண்ணு என் கைக்கு வராது."

மூக்குத்தியாகக் கட்டி வாங்கிக்கொண்டு நன்னிலத்துக்குப் பஸ் ஏறினார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே போனார். அவ்வளவு சந்தோஷம்.

நாயகி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். பிறகு மெதுவாக மூடினாள். திரும்பி வந்த கதையையெல்லாம் அவர்தான் முன்னமே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தாரே.

"ரெண்டு வீட்டுக்குப் போயிட்டு வந்த கல்லுதானே இது?"

"ஆமா. அவங்களுக்குக் குடுத்து வைக்கல."

"ஒரு மூணு நாள் சாமிகிட்ட வச்சுட்டு அப்புறமாப் போட்டுக்கறேங்க."

அமிர்தலிங்கத்துக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "ஊர்ல இருக்கறவங்கதான் அப்படின்னா, என் பொண்டாட்டியும் அப்படியா? கடையில நாலு பேருக்கு நான் எப்படிச் சொல்லுவேன்? காலையில குளிச்சுட்டுப் போட்டுக்க."

மறுநாள் காலை குளித்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். கொல்லையில் முருங்கை மர நிழலுக்கு அவளைக் கூட்டிப்போய், வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரியே முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார் அமிர்தலிங்கம். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மகன் நிதிஷ் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றான். பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திருவாரூரில் டிராக்டர் ஷோரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே பிள்ளை. "சூப்பர்ப்பா. இனிமே கரண்டு போனா அம்மாவை ஹால்ல உட்கார வச்சுடலாம்" என்றான். நாயகி அவன் தோளில் ஒன்று போட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அதற்கு மறுநாள் சீர்காழியில் கல்யாணம். நாயகியின் தம்பி மகள் பூமிகாவுக்கு. எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டால் என்ன என்று இருந்தவளுக்கு, மூக்குத்தி வந்ததும் ஒரு ஆசை வந்தது. பெட்டி அடியில் கிடந்த அரக்குப் பட்டுப்புடவையை எடுத்தாள். அதன் ரவிக்கை, பக்கத்து ஊரான பூந்தோட்டத்துத் தையல்காரரிடம் பிரித்துத் தைக்கக் கொடுத்தது, வாங்கி வராமலே கிடந்தது. அன்று சாயங்காலம் நிதிஷ் வேலையிலிருந்து வந்து பைக்கை நிறுத்தியதும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பூந்தோட்டம் போய் ரவிக்கையை வாங்கிட்டு வந்துடுப்பா."

"இப்பத்தானேம்மா வந்தேன். காலையில போகும்போது வழியில வாங்கிக்கலாமே."

"காலையில அவர் கடை திறக்கலேன்னா? சட்டுனு போயிட்டு வந்துடு. நான் அதுக்குள்ள டீ போட்டு வைக்கறேன்."

டீயைக் குடித்துவிட்டுப் போகிறேன் என்றுகூட அவன் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். இரண்டு நாளாகத் தூறல் போட்டதில் நெல்லெல்லாம் ஈரம். ஈரப்பதம் கூடியிருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். களம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பாதி ரோட்டை அடைத்து நெல்லைக் கொட்டிக் காயவைத்து, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல்லை வரிசையாக வைத்திருந்தார்கள். நம் பக்கத்து ரோடுகளெல்லாம் அந்த மாதத்தில் அப்படித்தான் இருக்கும். விளக்கு வைக்கிற நேரம். நிதிஷ் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியிருக்கிறான். முன் சக்கரம் நெல்லில் ஏறி வழுக்கியது. தலை கருங்கல்லில் போய் மோதியது.

நிதிஷின் போனிலிருந்தே யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள். கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிய அமிர்தலிங்கம், வெறுங்காலோடு ஓடினார். நாயகி பின்னாலேயே ஓடினாள். திருவாரூர் ஆஸ்பத்திரியில் அவர்கள் போய் நின்றபோது பிள்ளை போய்விட்டிருந்தான். அவன் சாமான்கள் என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாட்ச், பர்ஸ், போன். தையல்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த ரவிக்கையும் அதில் இருந்தது. கசங்கக்கூட இல்லை.

இதற்குமேல் அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. பெற்றவர்கள் பட்டது போதும், நமக்கு எதற்கு.

துக்கத்துக்கு வந்தவர்களின் கண் முதலில் போனது நாயகியின் மூக்குக்குத்தான். அவள் அதைக் கழற்ற வேண்டும் என்றே தோன்றாமல் கிடந்தாள். அழுது வீங்கிய முகத்தில் கல் பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒருத்தர் காதில் ஒருத்தர் சொன்னார்கள். "ரெண்டு வீட்டுல வேணாம்னு திருப்புன கல்லாம்." "போட்ட அன்னைக்கே பாரு." "மூணு நாள் வச்சுப் பார்த்திருக்கக் கூடாதா?"

காரியத்தன்று அது அமிர்தலிங்கத்தின் காதிலும் விழுந்தது. மனிதருக்கு என்ன ஆனதோ, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டார். "என்னம்மா தெரியும் உங்களுக்கு? அது எப்படி வெட்டின கல்லு தெரியுமா? ஒரு பட்டை பிசகு இல்ல. உள்ள ஒரு புள்ளி கிடையாது. கல்லு வந்து என் புள்ளையைத் தள்ளி விட்டுதா?" பிள்ளையின் படத்துக்கு முன்னால் நின்று ஒரு தகப்பன் வைரத்துக்கு வக்காலத்து வாங்கினார். சைபுல்லா வந்து அவரை அணைத்தபடி வெளியே கூட்டிக்கொண்டு போனார். அன்று நாயகி யாரும் சொல்லாமலே மூக்குத்தியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

அன்றைக்கு வாசல் ஓரத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். உள்ளே வரவில்லை. பெயர் கண்ணுசாமி, ரோட்டில் கிடந்தது அவருடைய நெல். அமிர்தலிங்கத்தைக் கண்டதும் காலில் விழப் போனார். அமிர்தலிங்கம் பிடித்துத் தூக்கினார். அமிர்தலிங்கத்துக்கும் குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் நிலம் உண்டு. போன வருஷம் அதே ரோட்டில் நெல்லைக் கொட்டி, அதே மாதிரி கல்லை வரிசையாக வைத்தவர்தான் அவரும். நிதிஷ்தான் கல் சுமந்து கொடுத்தான். யாரை என்ன சொல்வது?

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போகத் தொடங்கினார். வேலை செய்தார். வீட்டில்தான் ஒன்றும் சரியாக இல்லை. நாயகி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். இரண்டு பருக்கையை வாயில் வைப்பாள், எழுந்துபோய்விடுவாள். ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. இவளும் போய்விடுவாள் என்ற பயம் அமிர்தலிங்கத்தைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

ஊர் வாயைக் கேட்டுத்தான் அவள் இப்படி உருகுகிறாள் என்று அவர் நினைத்தார். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்வார். "அது வெறும் கல்லு, நாயகி. கல்லுக்கு நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது. எத்தனை வீட்டுக்கு நான் குடுத்திருக்கேன். அவனுக்கு விதி அந்த ரோட்டுல இருந்துது. கல்லு மேல ஒரு தப்பும் இல்ல. மனசைப் போட்டு உழப்பிக்காத." சொல்லச் சொல்ல அவள் முகம் இன்னும் இருண்டது. அன்றைக்கு அந்த இரண்டு பருக்கையும் உள்ளே போகாது. இவருக்குப் புரியவில்லை. இன்னும் விளக்கமாகச் சொன்னால் தெளிவாள் என்று மறுபடியும் ஆரம்பிப்பார். மார்கழி முழுக்க இப்படியே போனது. படித்துப் படித்துச் சொல்லி அவளைக் கொன்றுகொண்டிருந்தார் பாவி மனிதர், தெரியாமல்தான்.

தை பிறந்தது. அந்த வீட்டில் பொங்கல் இல்லை. ஒரு மத்தியானம், தட்டில் போட்ட சோற்றை அவள் அப்படியே மூடி வைத்ததைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை.

"திரும்பத் திரும்ப எத்தனை தடவை சொல்றது? கல்லு ஒண்ணும் பண்ணலடி."

நாயகி திரும்பினாள். இத்தனை மாதத்தில் அவள் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப யாருங்க பண்ணுனது?" என்றாள். "நாளைக்குப் போறேம்மான்னு சொன்னான். நான்தான் இப்பவே போன்னு அனுப்பினேன். டீ கூடக் குடுக்கல. ரவிக்கைக்காக. எனக்கு ஒரு ரவிக்கைக்காக. கல்லு இல்லேன்னா நான்தாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் கல்லு இல்ல, கல்லு இல்லன்னு சொல்றப்ப எனக்கு அதுதான் கேக்குது."

அமிர்தலிங்கம் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீ இல்ல. அப்படிப் பார்த்தா நான்தான். மூணு நாள் வைக்கறேன்னு சொன்ன உன்னை அதட்டிப் போட வச்சேன். அது இல்லேன்னா நீ அந்தப் புடவையையே எடுத்திருக்க மாட்ட. பழியை என் மேல போடு, நாயகி. நான் தாங்கிக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள். "உங்க மேல போட்டுட்டு நான் யாரோட இருக்கறது?"

கொல்லையில் காக்கை கத்திக்கொண்டிருந்தது. வைத்த சோறு ஆறிப்போனது. ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாது, தன் மேல் போட்டுக்கொண்டு அவளால் உயிரோடு இருக்க முடியாது, நெல்காரர் மேல் போடுவதற்கு மனச்சாட்சி இடம் கொடுக்காது. மிச்சம் இருப்பது எது என்று அமிர்தலிங்கத்துக்குத் தெரிந்தது. அதைத்தான் அவர் தினமும் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நாளைக்குக் கடைக்குப் போவோம், கிளம்பு" என்றார். "அந்தக் கல்லைத் திருப்பிக் குடுத்துடுவோம். நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி. அது நமக்கு ஆகாத கல்லு."

அவள் நம்பாத மாதிரி பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, நல்ல வேட்டி சட்டையில் அவளோடு பஸ் ஏறினார். கடையில் இத்தனை வருஷம் நின்ற பக்கம் போகாமல், வாங்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் மெத்தை இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. எதிரில் அவர் இடத்தில் சைபுல்லா நின்றிருந்தார்.

"வாங்க அண்ணே. வாங்க அண்ணி."

அமிர்தலிங்கம் பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தார். நாயகிக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னார்.

"இந்தக் கல்லு எங்களுக்கு ஆகல, தம்பி. திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பேச்சைப் பேசிய எத்தனை பேரை இவர் கேலி செய்து அவர்கள் கேட்டிருக்கிறார்கள். சைபுல்லா அவர் கண்ணைப் பார்த்தார், பிறகு அண்ணியின் வளையலைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "சரிங்கண்ணே, ஆகலேன்னா வச்சுக்கக் கூடாது" என்றார். பெட்டியைத் திறந்ததும் விளக்கு பட்டுக் கல் பளீரென்று ஒளி விட, சட்டென்று மூடிக்கொண்டார்.

முதலாளி எழுந்து வந்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நாயகிதான் கையைக் கூப்பினாள்.

"ஐயா, புள்ளைங்க இருக்கற வீட்டுக்கு இதைக் குடுத்துடாதீங்க."

"குடுக்க மாட்டேம்மா" என்றார் முதலாளி. "ஊரை விட்டே அனுப்பிடறேன்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. ஒரு ஹோட்டல் வாசலில் நாயகி நின்றாள்.

"ஏங்க, எனக்குப் பசிக்குது."

அமிர்தலிங்கம் அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து இட்லி சொன்னார். ஒரு இட்லியை முழுதாகச் சாப்பிட்டாள். இரண்டாவதைப் பிட்டாள். சாம்பார் கேட்டு வாங்கினாள். அவர் தன் தட்டைத் தொடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க எத்தனை கல்லு பார்த்தவங்க. அதுல இருந்த தோஷம் உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு, கேட்டாள். அந்தக் கல்லில் ஒரு குறையும் கிடையாது. வெட்டில் முடி அளவு பிசகு கிடையாது. அதைவிட நல்ல கல்லை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப் போவதுமில்லை. அந்த நிச்சயத்தை அவர் இனி யாரிடமும் சொல்ல முடியாது.

"தெரியல, நாயகி" என்றார். "சரியாப் பார்க்காம எடுத்துட்டேன்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எட்டி, அவர் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"விடுங்க. மனுஷக் கண்ணுதானே" என்றாள். "சாப்பிடுங்க."